ஊரடங்கில் ஒரு கல்லூரி மாணவி: உடற்பயிற்சியும் மனநலமும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

2020-ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்குக் காலத்தில் தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் விடுதி மாணவி ஒருவருக்கு ஏற்பட்ட மனச்சோர்வையும், உடற்பயிற்சியை ஒரு வழியாகக் கொண்டு அதைக் கையாண்ட விதத்தையும் இவ்வாய்வு பதிவு செய்கிறது. அப்போது அக்கல்லூரியில் பகுதிநேர மனநல ஆலோசகராக இருந்த நான், மாணவியின் ஒப்புதலுடன் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டும் சில இடங்களில் மாற்றப்பட்டும் உள்ளன. ஊரடங்கு நாட்களில் மாணவர்களுக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்காதவர் எவருமில்லை. ஆனால் அப்பரிந்துரை ஒரு வீட்டுக்குள் சென்று சேரும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதைக் குறித்து வைத்தவர்கள் குறைவு என்பதால், இந்த ஒரு நேர்வைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பின்னணி

மாணவி அப்போது இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் ஆள் அவரே. சொந்த ஊர் மதுரை; கல்லூரியோ வேறு மாவட்டத்தில் இருந்ததால் விடுதியில் தங்கிப் படித்தார். கல்லூரியின் கோ-கோ அணியில் இடம்பெற்றிருந்ததால் காலை ஐந்தரை மணிக்கு மைதானம், பிறகு வகுப்பு, மாலையில் மீண்டும் மைதானம் என்பதாக அவருடைய நாள் அமைந்திருந்தது. விடுதிக்கும் வகுப்பறைக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையே நடந்த நடையை அவரோ நாங்களோ ஒருபோதும் உடற்பயிற்சியாகக் கருதியதில்லை. கல்லூரியை மூடிய பிறகுதான் அதன் அளவு எங்களுக்குத் தெரிந்தது.

கல்வி நிறுவனங்களை மார்ச் 31 வரை மூடுமாறு 2020 மார்ச் 16 அன்று மாநில அரசு அறிவித்ததையடுத்து விடுதி காலி செய்யப்பட்டது. இரண்டு வார விடுமுறை என்றே அனைவரும் எண்ணினர். மாணவி நான்கைந்து உடைகளையும் இரண்டு பாடநூல்களையும் எடுத்துக்கொண்டு, விளையாட்டுக் காலணியை விடுதிப் பெட்டியிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போனார். மார்ச் 24 மாலை மாநிலத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது.

அவருடைய வீடு மாநகரின் பழைய பகுதியில், ஒரு காம்பவுண்டுக்குள் பல குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் வளவில், மேல்தளத்தில் உள்ளது. ஓர் அறை, ஒரு சமையலறை, அனைவருக்கும் பொதுவான கழிப்பறையும் மொட்டை மாடியும் என்ற அமைப்பில் அப்பா, அம்மா, அண்ணன், அப்பத்தா, மாணவி என ஐந்து பேர் வசித்தனர். அப்பா ஆட்டோ ஓட்டுநர். அம்மா வீட்டிலிருந்தபடி பூக்கட்டிக் கொடுப்பவர். ஆட்டோக்கள் மே 23 வரை ஓடவில்லை. அந்த ஆண்டு மீனாட்சி திருக்கல்யாணம் மே 4 அன்று பக்தர்கள் இன்றிக் கோயிலுக்குள் மட்டுமே நடைபெற்றது, அழகர் வைகையில் இறங்கவும் இல்லை. ஆகவே பூக்கட்டுவோர் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருக்கும் சித்திரை மாத வருமானமும் அவ்வீட்டுக்கு இல்லாமற்போனது. வீட்டிலிருந்த ஒரே ஸ்மார்ட்போன் அண்ணனுடையது. ஏப்ரலில் இணையவழி வகுப்புகள் தொடங்கியபோது, அண்ணன் உறங்கும் நேரத்தில் அதை வாங்கி, வாட்ஸ்அப்பில் வந்திருக்கும் பாடக்குறிப்புகளைத் தன் நோட்டில் எழுதிக்கொள்வது மாணவியின் வழக்கமாக இருந்தது.

கவனத்துக்கு வந்த விதம்

ஏப்ரல் 26 முதல் 29 வரை மதுரையில் கடைகளையும் மூடிய முழு ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. அதற்குப் பிந்தைய வாரத்தில், மாணவி ஒப்படைப்புகளை அனுப்புவதை நிறுத்திவிட்டதை அவருடைய வழிகாட்டி ஆசிரியை கவனித்தார். அதே வாரத்தில் உடற்கல்வி இயக்குநரும், அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர் விலகிவிட்டதாகச் சொன்னார். இவ்விரு செய்திகளும் தனித்தனியே வந்திருந்தால் அலைபேசிச் சிக்கல் என்று விட்டிருப்போம். சேர்ந்து வந்ததால் மே மாத நடுவில் நான் அவரை அழைத்தேன்.

முதல் அழைப்பு சில நிமிடங்களே நீடித்தது. ஐந்து பேர் இருக்கும் அறைக்குள் தன் மனநிலையைப் பற்றி ஒருவர் பேச இயலாது. ஆகவே, நான் கேள்விகளைக் கேட்க அவர் ‘ஆமா மேடம்’, ‘இல்ல மேடம்’ என்று மட்டும் பதில் சொல்வதாக ஏற்பாடு செய்துகொண்டோம். அம்மாவுக்கு அருகிலிருந்து கேட்டாலும் அது பாடம் தொடர்பான பேச்சாகவே தோன்றும். அடுத்த அழைப்பை மொட்டை மாடிப் படிக்கட்டில் அமர்ந்து பேசினார். அப்போது அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: “எந்திரிச்சு என்ன செய்யப் போறோம்னு படுத்தே கெடக்கேன் மேடம்.”

கண்டறிந்தவை

விடியற்காலை மூன்று மணிக்கு மேல் உறங்கி முற்பகல் பதினொரு மணிக்கு மேல் எழுவது, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை, படித்தது மனத்தில் நிற்காமை, காரணம் சொல்ல முடியாத எரிச்சல் ஆகியவை ஒரு மாதத்துக்கும் மேலாக இருந்தன. மனச்சோர்வைக் கணிக்க உதவும் பிஎச்கியூ-9 வினாத்தாளை வாய்மொழியாகவே கேட்டேன். கடந்த இரண்டு வார அனுபவத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகளைக் கொண்ட அந்த வினாத்தாளில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. மாணவியின் மதிப்பெண் 10 முதல் 14 வரையிலான மிதமான மனச்சோர்வு வரம்புக்குள் வந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு இல்லை என்றார். அதை ஒவ்வொரு அழைப்பிலும் மறுபடி கேட்பது என்று முடிவு செய்தோம். அவசரம் ஏற்பட்டால் அழைப்பதற்கு 104 என்ற அரசு உதவி எண்ணையும், ஆசிரியையின் எண்ணையும் நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொள்ளச் செய்தேன்.

உடலியக்கத்தைப் பொறுத்தவரை, ஒரு நாளில் அவர் நடந்த மிக நீண்ட தொலைவு அறையிலிருந்து பொதுக் கழிப்பறை வரை சென்று திரும்புவதாகவே இருந்தது. இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். பால், காய்கறி, ரேஷன் பொருள்கள், அப்பத்தாவின் மாத்திரை என்று வெளியே சென்று வரும் வேலைகள் எல்லாம் அண்ணனுக்குப் போயின. வீட்டுக்குள் செய்யும் வேலைகள் எல்லாம் மாணவிக்கு வந்தன. விடுதியில் இருந்தபோது அவர்தான் அந்த வீட்டிலேயே அதிகம் ஓடியவர். ஊரடங்கு எல்லோரையும் ஒரே அளவில் அடைத்து வைத்தது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை, இந்த வீட்டைப் பார்த்த பிறகு என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் திட்டமும் அதன் முடிவும்

அந்நாட்களில் பெரும்பாலான கல்லூரிகளைப் போலவே எங்கள் கல்லூரியும் வீட்டிலிருந்தே செய்யத்தக்க பயிற்சிக் காணொலி ஒன்றை எல்லா மாணவர்களுக்கும் அனுப்பியிருந்தது. குதித்தல், ஓரிடத்தில் நின்று ஓடுதல், தண்டால், வயிற்றுப் பயிற்சி எல்லாம் கலந்த முக்கால் மணி நேரப் பயிற்சி அது. அணியில் இருந்தவர் என்பதால் மாணவிக்கு அது எளிதாகவே இருக்கும் என்று கருதி, அதையே தினமும் செய்யச் சொன்னோம்.

ஒரு வாரத்துக்குள் அது நின்றுபோனது. காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தபோது அவற்றில் ஒன்றுகூடச் சோம்பலோ மனவுறுதியின்மையோ இல்லை. காணொலியைப் பார்க்க அண்ணனின் அலைபேசி வேண்டும். அறைக்குள் குதித்தால் கீழ்வீட்டார் மேலே வந்து கேட்கிறார்கள். மாலையில் மொட்டை மாடிக்குப் போனால், காற்று வாங்க வந்திருக்கும் வளவுக்காரர்களும் சுற்றிலுமுள்ள மாடிகளில் நிற்பவர்களும் பார்க்கிறார்கள். ட்ராக் பேன்ட் அணிந்து அங்கே நிற்க அம்மா அனுமதிக்கவில்லை. அக்கினி நட்சத்திரக் காலத்து மதுரை மாடித்தளத்தில் காலணி இல்லாமல் பகலில் கால் வைக்கவும் முடியாது. காணொலியைத் தயாரித்தவர்கள் உடலைப் பற்றி எல்லாவற்றையும் யோசித்திருந்தனர். அந்த உடல் எந்த வீட்டில், எந்த நேரத்தில், யாருடைய கண்முன்னே அசையும் என்பது அவர்களுடைய கணக்கில் வரவில்லை.

திட்டத்தை மாற்றியது ஏன், எவ்வாறு

மே மாத இறுதியில் உடற்கல்வி இயக்குநரும் ஆசிரியையும் நானும் கூடிப் பேசித் திட்டத்தை வேறு விதமாக அமைத்தோம். மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சைகளில் ‘செயலூக்க முறை’ என்று ஒன்று உண்டு. மனம் சரியானதும் செயல்படலாம் என்று காத்திருக்காமல், சிறிய செயல்களை நாளின் குறிப்பிட்ட வேளைகளில் பொருத்திவிட்டு, மனநிலை அதைப் பின்தொடர்ந்து வரும்படி செய்வது அதன் அடிப்படை. உடற்பயிற்சியை அந்த முறைக்குள் வைப்பது என்று தீர்மானித்தோம்.

முதலில் எழும் நேரத்தை எடுத்துக்கொண்டோம். உறங்கும் நேரத்தை எவரும் கட்டளையிட்டு மாற்ற முடியாது. எழும் நேரத்தை மாற்றலாம். காலை வெளிச்சம் கண்ணில் படுவதும், பகலில் உடல் களைப்பதும் சேர்ந்தால் சில நாட்களில் இரவு உறக்கம் தானாக முன்னே நகரும். ஆனால் காலை ஐந்தரை மணிக்கு ஒரு பெண் தனியாக மாடிக்குப் போவதற்கு வளவில் ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணத்தை அப்பத்தா தந்தார். சர்க்கரை நோய்க்காக அவரை நாள்தோறும் நடக்கும்படி மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஊரடங்கில் அது நின்றுபோயிருந்தது. அப்பத்தாவுக்குத் துணையாகப் பேத்தி மாடியில் நடக்கிறாள் என்றபோது வீட்டில் மறுப்பு எழவில்லை. வளவிலும் யாரும் கேட்கவில்லை. சுடிதார் அணிந்துகொண்டே நடக்கலாம், தரையும் அந்நேரம் குளிர்ந்திருக்கும், மற்றவர்கள் மேலே வருவதற்குள் இறங்கிவிடலாம்.

பயிற்சியைப் பொறுத்தவரை முக்கால் மணி நேரத்தை விட்டுவிட்டு, பத்து நிமிடத்துக்கும் குறைவான சிறு பகுதிகளாகப் பிரித்தோம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலியக்கம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2010-இல் வெளியான அதன் வழிகாட்டுதல், குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்வதையே கணக்கில் எடுத்தது. அந்த நிபந்தனை 2020 நவம்பரில் வெளியான புதிய வழிகாட்டுதலில் நீக்கப்பட்டது. மே மாதத்தில் எங்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றாலும், அந்த வீட்டில் தொடர்ந்து பத்து நிமிடம் இடையூறின்றிக் கிடைப்பதே அரிது என்பது தெரிந்திருந்தது. சுவரில் கையூன்றித் தள்ளுதல், படியேறி இறங்குதல், குந்தி எழுதல் என்று ஓசை எழாத பயிற்சிகளை மட்டும் உடற்கல்வி இயக்குநர் தேர்ந்தெடுத்தார். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். பசியும் குறைந்திருந்த இம்மாணவிக்குத் தலைசுற்றலோ படபடப்போ வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பதும், வெறும் வயிற்றில் கடுமையான பயிற்சி கூடாது என்பதும் முதல் நாளிலேயே சொல்லப்பட்டன.

எடையைப் பற்றி எவரும் பேசக் கூடாது என்றும் முடிவு செய்தோம். வீட்டிலேயே ‘குண்டாகிட்ட’ என்ற பேச்சு தொடங்கியிருந்தது. பயிற்சி அதற்கான தண்டனையாக மாறினால் அது எத்தனை நாள் நீடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அடி எண்ணிக்கையைக் கணக்கிடும் செயலிகளையும் விட்டுவிட்டோம். அலைபேசி அவருடையதல்ல என்பது ஒரு காரணம், எண்ணிக்கை குறையும் நாளில் அது மனத்தை மேலும் தளரச் செய்யும் என்பது மற்றொன்று. அதற்குப் பதிலாகப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் மனநிலைக்குத் தானே பத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்து நோட்டில் எழுதும்படி கேட்டுக்கொண்டோம்.

எஞ்சியது தோழமை. இதற்கான யோசனையை மாணவியே தந்தார். கோ-கோ ஆட்டத்தில் துரத்தும் அணியின் எட்டுப் பேர் மாறி மாறி எதிரெதிர்த் திசையை நோக்கிக் குந்தியிருக்க, ஓடி வருபவர் பின்னாலிருந்து முதுகைத் தொட்டு ‘கோ’ என்று குரல் கொடுத்த பிறகே குந்தியிருப்பவர் எழ வேண்டும். குரலுக்கு முன்பே எழுந்தால் தவறு. அந்த ஒரு கணத்தில் தொடைகளுக்கும் கவனத்துக்கும் ஏற்படும் வேலை மிகப் பெரியது. அதற்கு மைதானம் தேவையில்லை, குதிக்கவும் வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு மாலைகள், அணித் தோழியர் இருவருடன் சாதாரணக் குழு அழைப்பில் இணைந்து, வீட்டிலிருந்த பட்டன் அலைபேசியைத் தரையில் வைத்துவிட்டு, ஒருத்தி ‘கோ’ கொடுக்க மற்ற இருவரும் அவரவர் வீட்டில் குந்திய நிலையிலிருந்து எழுவது என்று அவர்கள் ஏற்பாடு செய்துகொண்டனர். யார் எப்போது குரல் கொடுப்பார் என்று தெரியாமல் காத்திருப்பதே விளையாட்டு. முன்கூட்டியே எழுந்தவரை மற்றவரால் பார்க்க முடியாது என்பதால், தானே தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் வந்த சச்சரவுகளையும் சிரிப்பையும் பற்றி அவர் என்னிடம் சொன்ன அழைப்பில்தான், அவருடைய குரலில் முதன்முறையாக ஏற்ற இறக்கத்தைக் கேட்டேன். உடற்கல்வி இயக்குநர் அந்த அழைப்புகளில் சேரவில்லை. சேர்ந்திருந்தால் அது மீண்டும் பயிற்சியாகிவிடும் என்று அவர் சொன்னது சரியான கணிப்பு என்றே நினைக்கிறேன்.

ஜூன் மாதம்

முதலில் சீரானது உறக்கம். ஜூன் முதல் பாதியில் இரவு பதினொன்றரை மணியளவில் உறங்கத் தொடங்கிவிட்டார். பசி அதற்குப் பின் வந்தது. மனநிலை மதிப்பெண்களைப் பொறுத்தவரை, பயிற்சிக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு தனியே நடந்த நாட்களில் சிறியதாகவும், தோழியருடன் விளையாடிய நாட்களில் தெளிவாகவும் இருந்தது. அப்பாவின் ஆட்டோ மே 23-க்குப் பின் ஓரளவு ஓடத் தொடங்கி வீட்டில் கொஞ்சம் பணம் புழங்கியதும் இதே காலத்தில்தான் என்பதை மறந்துவிட்டு, முன்னேற்றம் முழுவதையும் பயிற்சியின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது.

ஒப்படைப்புகளை மீண்டும் அனுப்பத் தொடங்கினார். ஆலோசனை அழைப்புகளை வாரம் ஒன்றாகக் குறைத்தோம்.

பின்னடைவு

ஜூன் 24 முதல் மதுரையில் மீண்டும் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, பின்னர் ஜூலை நடுப்பகுதி வரை நீட்டிக்கப்பட்டது. ஆட்டோ நின்றது. அடுத்த சில நாட்களில் வளவில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகவே, தெரு முனையில் தகரம் அடித்துக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக்கினர். வளவிலிருந்த மற்றவர்கள் அஞ்சியதால் வீட்டு உரிமையாளர் மாடிக் கதவைப் பூட்டினார். காலை நடை அன்றோடு நின்றது. தோழியருடனான அழைப்பு மட்டும் சில நாட்கள் தொடர்ந்து, பிறகு அதுவும் நின்றது.

ஜூலை முதல் வாரத்தில் பிஎச்கியூ-9 மதிப்பெண் மே மாத அளவுக்கே திரும்பியிருந்தது. மாடி பூட்டப்பட்டதே இதற்குக் காரணம் என்று நாங்கள் முதலில் கருதியதால், அறைக்குள் செய்யத்தக்க பயிற்சிகளைக் கூட்டுவது குறித்தே பேசிக்கொண்டிருந்தோம். இரண்டாவது அழைப்பில்தான் மாணவி உண்மையான காரணத்தைச் சொன்னார். வீட்டில் அவருக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தனர். கல்லூரி எப்போது திறக்கும் என்று தெரியாது, அடுத்த பருவக் கட்டணத்துக்கு வழியில்லை, சில பேர் மட்டும் கூடிச் செலவின்றித் திருமணத்தை முடித்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். படிப்பைத் தொடர முடியுமா என்ற மாணவியின் அச்சம் இது. இதை எந்த உடற்பயிற்சியும் தீர்க்காது.

ஆகவே திட்டத்தில் முன்னுரிமை மாறியது. மாணவியின் சம்மதமின்றி இதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை என்று முதலில் உறுதியளித்தோம்; அவர் சொன்னதாக வெளிப்பட்டால் அலைபேசியும் ஆலோசனையும் சேர்ந்தே நின்றுபோகும் அபாயம் இருந்தது. இரண்டு நாட்கள் யோசித்த பின் அவர் சம்மதித்தார். அதன் பிறகு ஆசிரியை, மதிப்பெண்களைத் தெரிவிப்பதற்காக அழைப்பதைப் போல அப்பாவை அழைத்து, மாணவியின் படிப்பைப் பற்றியும் இன்னும் இரண்டே பருவங்கள்தான் உள்ளன என்பதைப் பற்றியும் பேசி, கட்டணத்தைத் தவணைகளில் செலுத்தக் கல்லூரி ஒப்புக்கொண்டதையும் தெரிவித்தார். “படிக்கிற புள்ளைய நிப்பாட்டணும்னு எனக்கு மட்டும் ஆசையா டீச்சர்?” என்று அப்பா கேட்டாராம். அவர் தேடிக்கொண்டிருந்தது மாப்பிள்ளையை அல்ல, ஒரு செலவிலிருந்து விடுபடும் வழியை என்பது அந்த ஒரு வாக்கியத்திலிருந்து விளங்கியது. வரன் பேச்சு ஓராண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மனச்சோர்வு மேலும் கூடினால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவது என்றும், அதற்கான வரம்பாக மதிப்பெண் 15 அல்லது ஒன்பதாவது கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் என்றும் எழுத்து வடிவில் வைத்துக்கொண்டோம். அந்நிலை வரவில்லை.

ஜூலையிலிருந்து டிசம்பர் வரை

தகரம் அகற்றப்பட்டு மாடிக் கதவு திறந்த பிறகு, எங்கள் நினைவூட்டல் இல்லாமலேயே அப்பத்தாவும் பேத்தியும் நடையைத் தொடர்ந்தனர். அப்பத்தாதான் முதலில் எழுப்பினாராம். முதல் முறை பல வாரங்கள் எடுத்த உறக்கச் சீரமைப்பு இம்முறை விரைவில் நிகழ்ந்தது. செப்டம்பரில் பிஎச்கியூ-9 மதிப்பெண் 5 முதல் 9 வரையிலான இலேசான வரம்புக்கு இறங்கியது. எனினும் கட்டணம், தேர்வு, திருமணம் ஆகியவற்றைப் பற்றிய கவலை அதே அளவில் குறையவில்லை. பயிற்சி முடித்த மாலைகளிலும் படபடப்பு இருந்ததாக அவரே நோட்டில் எழுதியிருக்கிறார்.

இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்கு 2020 டிசம்பர் 7 அன்று கல்லூரிகள் திறக்கப்பட்டன. மாணவி விடுதிக்குத் திரும்பினார். அந்த மாத இறுதியில் எடுத்த மதிப்பெண் 5-க்குக் கீழே இருந்தது. அணிப் பயிற்சி அப்போது தொடங்கியிருக்கவில்லை என்பதால் மைதானத்தைச் சுற்றி நடப்பதோடு நிறுத்திக்கொண்டார். பின்னர் அவர் பட்டப்படிப்பை நிறைவு செய்தார்.

இந்த நேர்விலிருந்து என்ன சொல்ல முடியும்

ஒரே ஒரு மாணவியின் அனுபவத்திலிருந்து பொதுவிதி எதையும் வகுக்க முடியாது. ஆனால் வேறிடங்களில் கண்டறியப்பட்ட சிலவற்றோடு இது ஒத்துப்போகும் இடங்கள் உள்ளன. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர்களை உடலில் அணியும் கருவிகளின் வழியே கண்காணித்து 2021-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், பெருந்தொற்று தொடங்கியதும் அவர்களுடைய நாள் சராசரி சுமார் 10,000 அடிகளிலிருந்து சுமார் 4,600-ஆக வீழ்ந்ததும், உடலியக்கம் குலைந்ததே மனச்சோர்வை முன்னுணர்த்தும் முதன்மைக் காரணிகளுள் ஒன்றாக இருந்ததும் தெரியவந்தன. அதே ஆய்வாளர்கள் மாணவர்களில் ஒரு பகுதியினரை ஊக்குவித்து மீண்டும் நடக்கச் செய்தபோது நடை கூடியது. மனநிலை குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை. நடையோடு சேர்ந்து போனவை வேறு பல என்பதும், நடையை மட்டும் மீட்டால் அவை தாமாகத் திரும்பா என்பதும் இதற்கு நான் தரும் விளக்கம். எங்கள் மாணவியின் நோட்டில் தனி நடைக்கும் தோழியருடனான ஆட்டத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு அதையே காட்டுகிறது.

நார்வேயில் ஏறத்தாழ 34,000 பேரை 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த மற்றோர் ஆய்வு, வாரத்துக்கு ஒரு மணி நேர உடற்பயிற்சிகூட எதிர்கால மனச்சோர்விலிருந்து ஓரளவு காக்கும் என்று கண்டது. பதற்ற நோய்க்கு அத்தகைய காப்பு எதையும் அது காணவில்லை. உறக்கமும் பசியும் ஊக்கமும் மீண்ட பிறகும் மாணவியின் படபடப்பு நீடித்ததை நான் இதனோடு சேர்த்தே படிக்கிறேன். அந்தப் படபடப்பை ஓரளவேனும் குறைத்தது ஆசிரியையின் ஒரு தொலைபேசி அழைப்பும் கட்டணத் தவணையும்தான்.

நடைமுறையில் செய்த மாற்றங்கள்

2021 மே மாதத்தில் இரண்டாம் அலையின் ஊரடங்கு வந்தபோது, எல்லா மாணவர்களுக்கும் ஒரே காணொலியை அனுப்பும் வழக்கத்தைக் கைவிட்டோம். அதற்கு முன்பாக வழிகாட்டி ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவரிடமும் சில கேள்விகளைக் கேட்டனர்: வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேர், அலைபேசி யாருடையது, எந்த நேரத்தில் கிடைக்கும், மாடியோ முற்றமோ உண்டா, அங்கே எப்போது ஆளில்லை, வீட்டில் முதலில் எழுபவர் யார், நடக்க வேண்டியவர்கள் வேறு யாரேனும் உண்டா, காலணி கையில் இருக்கிறதா. மாணவிகளிடம் இக்கேள்விகளைப் பெண் ஆசிரியர்களே கேட்டனர். பதில்களைப் பார்த்த பிறகே உடற்கல்வி இயக்குநர் பயிற்சியைத் தீர்மானித்தார். விடுதியைக் காலி செய்யும்போது விளையாட்டுக் காலணியையும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது அறிவிப்பிலேயே சேர்க்கப்பட்டது.

வீட்டில் பணம், படிப்பு, திருமணம் தொடர்பாக ஏதேனும் பேச்சு இருக்கிறதா என்பதை இப்போது இரண்டாவது அழைப்பிலேயே, ஆம், இல்லை என்று விடையளிக்கும் வகையில் கேட்கிறோம். பின்னடைவு வந்தால் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் அந்தக் கேள்வி மறுபடி கேட்கப்படுகிறது. இவ்வளவும் மாணவரை அலைபேசியில் அடைய முடிந்தால்தான் நடக்கும். எந்த எண்ணிலும் கிடைக்காத மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தனர். அவர்களுக்கு ஆசிரியர்கள் அஞ்சலட்டை எழுதினர், சிலரிடமிருந்து பதில் வந்தது.